டர்போ பெட்ரோல் காரில் ட்யூனிங் பாக்ஸ்: மலைச்சாலை இழுவைக்காக மாட்டலாமா?

கொங்குச்சாலை (கோவை)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸ் 1.0 டிஎஸ்ஐ, ஆறு கியர் மேனுவல். கம்பெனி கணக்கில் 115 பிஎஸ் சக்தியும் 178 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (முறுக்குவிசை) உண்டு. பைபாஸில் அதைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஐந்து பேர் ஏறி, டிக்கி நிறையச் சாமான்களை அடுக்கிக்கொண்டு கோத்தகிரிக்கோ வால்பாறைக்கோ போகும்போது, கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் திரும்பி ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி ஒரு கணம் படுத்துவிடுகிறது; அதன் பிறகே டர்போ (புகையால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் பாகம்) விழித்துக்கொண்டு இழுக்கத் தொடங்குகிறது.

சென்சார் ஒயரிங்குக்கு இடையில் செருகும் ட்யூனிங் பாக்ஸ் ஒன்றை நண்பர் ஒருவர் பரிந்துரைக்கிறார். பானெட்டைத் திறந்து இரண்டு சாக்கெட்டுகளைக் கழற்றி மாட்டினால் போதும், 25 பிஎஸ் வரை கூடும், சர்வீஸுக்கு விடும் முன் கழற்றி வைத்துக்கொள்ளலாம் என்கிறார். வாரன்டி முடிய இன்னும் காலம் இருக்கிறது. இது உண்மையில் வேலை செய்கிறதா, செய்தால் இன்ஜினுக்கு என்ன ஆகும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

சுழலி (சென்னை)

வேலை செய்கிறது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. என் போலோ ஜிடி 1.2 டிஎஸ்ஐ, டிஎஸ்ஜி என்ற தானியங்கி கியர்பாக்ஸ் வண்டியில் வெகுகாலமாக ஒரு பாக்ஸ் இருக்கிறது. 105 பிஎஸ், 175 நியூட்டன் மீட்டர் என்று கம்பெனி கொடுத்த வண்டி, இப்போது நிமிடத்துக்கு 2,500 சுழற்சிக்கு மேல் வேறொரு வண்டியைப் போல இழுக்கிறது. திண்டிவனம் சாலையில் லாரியை முந்துவதற்குக் கீழ் கியருக்குப் போக வேண்டிய தேவையே பெரும்பாலும் வருவதில்லை. செக் இன்ஜின் விளக்கு ஒரு முறையும் எரிந்ததில்லை. ரீமேப் செய்தால் ஈசியூவின் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) மென்பொருளே மாறிவிடும். ஃபோக்ஸ்வேகன் குழும வண்டிகளில் சர்வீஸ் சென்டர் அந்த மாற்றத்தைக் கண்டுகொண்டால் வண்டியின் கணக்கில் டிடி1 என்ற குறியைப் போட்டுவிடுவார்கள், அதன் பிறகு இன்ஜின் வாரன்டியை மறந்துவிட வேண்டியதுதான். பாக்ஸில் அந்தத் தொல்லை இல்லை. தயங்காமல் மாட்டுங்கள் என்பேன்.

அளவுகோல் (சென்னை)

இன்ஜின் காலிபரேஷன் துறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பாக்ஸ் சக்தியைக் கூட்டுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. எந்த வழியில் கூட்டுகிறது என்று தெரிந்துகொண்டால், மாட்டுவதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

இந்த இன்ஜினில் காற்றின் அழுத்தத்தை அளக்க இரண்டு சென்சார்கள் உள்ளன. ஒன்று த்ராட்டிலுக்கு (காற்று போகும் வழியில் உள்ள கதவு) முன்னால் டர்போவின் அழுத்தத்தை அளக்கிறது. மற்றொன்று சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டில் இருக்கிறது. அந்த அழுத்தம், காற்றின் வெப்பம், இன்ஜின் வேகம் ஆகிய மூன்றையும் கொண்டுதான் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எவ்வளவு காற்று போகிறது என்பதை ஈசியூ கணக்கிடுகிறது. நண்பர் சொன்ன இரண்டு சாக்கெட்டுகள் பெரும்பாலும் இவையாகத்தான் இருக்கும். பாக்ஸ் செய்வதெல்லாம், சென்சார் அனுப்பும் மின்னழுத்தத்தைச் சற்றுக் குறைத்து ஈசியூவுக்குக் கொடுப்பது மட்டுமே. உதாரணமாக ஈசியூ 1.8 பார் அழுத்தம் வேண்டும் என்று கேட்கிறது என வைத்துக்கொள்வோம். உள்ளே உண்மையாகவே 1.8 பார் வந்த பிறகும் பாக்ஸ் 1.65 என்று சொல்கிறது. ஈசியூ இன்னும் போதவில்லை என்று எண்ணி வேஸ்ட்கேட்டை (டர்போவைச் சுழற்றாமல் புகையை வெளியே விடும் கதவு) மேலும் மூடுகிறது. உள்ளே ஏறத்தாழ 1.95 பார் ஆன பிறகுதான் ஈசியூவின் கண்ணுக்கு 1.8 தெரிகிறது. கூடுதல் இழுவை வருவது இப்படித்தான்.

கூடுதல் காற்றுக்கேற்ற பெட்ரோலைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். புகைப்போக்கியில் உள்ள லாம்ப்டா சென்சார் கலவை மெலிந்திருப்பதைக் கண்டு திருத்திவிடும். தீப்பொறி நேரத்தில்தான் சிக்கல் இருக்கிறது. தீப்பொறியை எவ்வளவு முன்னதாக விட வேண்டும் என்பதை ஈசியூ சிலிண்டரில் உள்ள காற்றின் அளவை வைத்து ஓர் அட்டவணையிலிருந்து எடுக்கிறது. காற்று குறைவு என்றால் முன்னதாகவும், அதிகம் என்றால் தாமதமாகவும் விட வேண்டும். உள்ளே 1.95 பார் இருக்க, 1.8 பாருக்கான நேரத்தில் தீப்பொறி விழுகிறது. அதாவது அழுத்தம் அதிகமான இடத்தில் தீப்பொறியும் தேவைக்கு மேல் முந்துகிறது. நாக்கிங் (சிலிண்டருக்குள் கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) வருவதற்கு இதைவிடச் சாதகமான சூழ்நிலை வேண்டியதில்லை.

இன்னொன்றைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. புகைவெப்பத்தைச் சென்சார் வைத்து அளக்காமல் கணக்காகவே ஊகித்துக்கொள்வது பெட்ரோல் கார்களில் பரவலான வழக்கம். அந்தக் கணக்கின் அடிப்படையும் அதே காற்றின் அளவுதான். வெப்பம் எல்லையைத் தொடுகிறது என்று கணக்கு சொன்னால் ஈசியூ கூடுதல் பெட்ரோல் ஊற்றியோ, சக்தியைக் குறைத்தோ டர்பைனையும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் காப்பாற்றும். காற்றின் அளவு பொய் என்றால் வெப்பக் கணக்கும் பொய். காப்பாற்றும் ஏற்பாடு தாமதமாகத்தான் விழித்துக்கொள்ளும். அளவுக்கு மீறிய பூஸ்ட்டைத் (டர்போ ஏற்றும் அழுத்தம்) தடுக்கும் ஏற்பாட்டின் கதையும் இதுதான்.

ரீமேப் செய்பவர் திறமையானவராக இருந்தால், பூஸ்ட்டை உயர்த்துவதோடு தீப்பொறி அட்டவணையையும் வெப்ப எல்லைகளையும் சேர்த்து மாற்றுவார். ஈசியூவுக்கு நடப்பது தெரிந்திருக்கும். பாக்ஸ் வைத்த வண்டியில் ஈசியூ கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறது. கழற்றி மாட்டும் வசதிக்கு நாம் கொடுக்கும் விலை அதுதான்.

சுழலி (சென்னை)

தெளிவாக எழுதியிருக்கிறீர்கள், நன்றி. ஆனாலும் ஒரு விஷயத்தில் உடன்பட முடியவில்லை. நாக் சென்சார் எதற்காக இருக்கிறது? நாக்கிங் வந்தால் அது கேட்டு, தீப்பொறியைப் பின்னுக்குத் தள்ளிவிடும் அல்லவா? நான் ஓபிடி அடாப்டர் (காரின் சோதனைச் சாக்கெட்டில் செருகி ஈசியூவின் எண்களைப் படிப்பது) வைத்துப் பல முறை லாக் எடுத்துப் பார்த்திருக்கிறேன். கேட்ட பூஸ்ட்டும் வந்த பூஸ்ட்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தாற்போல் இருக்கின்றன.

அளவுகோல் (சென்னை)

அந்த லாகில் நீங்கள் பார்க்கும் பூஸ்ட், ஈசியூவுக்குப் பாக்ஸ் சொன்ன பூஸ்ட். ஓபிடி வழியாக வருவதெல்லாம் ஈசியூ நம்பிக்கொண்டிருக்கும் எண்கள்தான். இரண்டு கோடுகளும் படிந்திருப்பது பாக்ஸ் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. உள்ளே உண்மையில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்பதை அது காட்டாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் மேனிஃபோல்டிலிருந்து தனியாகக் குழாய் எடுத்து ஒரு பூஸ்ட் கேஜ் வைத்தாக வேண்டும்.

ஓபிடியில் நம்பத்தக்கவையும் உண்டு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் நாக்கிங்கால் தீப்பொறி எத்தனை டிகிரி பின்னுக்குப் போகிறது என்பதை ஓபிடி லெவன், விசிடிஎஸ் போன்ற கருவிகளில் பார்க்கலாம். பெட்ரோல் திருத்தத்தின் சதவீதத்தையும் பார்க்கலாம். பாக்ஸைக் கழற்றிய நிலையிலும் மாட்டிய நிலையிலும் அந்த எண்ணை ஒப்பிட்டால், பாக்ஸ் எவ்வளவு காற்றை மறைக்கிறது என்பது ஏறக்குறையப் பிடிபட்டுவிடும். உள்ளே வரும் காற்றின் வெப்பத்தையும் சேர்த்துக் கவனியுங்கள்.

நாக் சென்சாரைப் பற்றிக் கேட்டீர்கள். அது நாக்கிங் நடந்த பிறகு கேட்டுத் திருத்தும் காது. மோசமான பெட்ரோல், கடும் வெயில் போன்ற எதிர்பாராத நேரங்களுக்காக விட்டு வைத்திருக்கும் அந்த இடைவெளியை, பாக்ஸ் அன்றாடம் செலவழிக்கிறது. சித்திரை மாதத்து மதியம், எங்கோ ஒரு பங்கில் நிரப்பிய பெட்ரோல், முழு லோடு என்று எல்லாம் சேர்ந்து வரும் நாளில் திருத்துவதற்கு மிச்சம் இருப்பது குறைவு. குறைந்த சுழற்சியில் முழு மிதி மிதிக்கும்போது நேரடி இன்ஜெக்ஷன் டர்போ இன்ஜின்களில் வரும் முன்னெரிப்பு என்று ஒன்று இருக்கிறது. அது தீப்பொறி விழுவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்வது. நாக் சென்சார் தீப்பொறியைத்தான் பின்னுக்குத் தள்ள முடியும். தீப்பொறியே காரணமில்லாத எரிப்பை அதனால் எப்படித் தடுக்க முடியும்? இந்தச் சிக்கலைக் குறைப்பதற்காகவே ஏபிஐ எஸ்என் பிளஸ் என்ற ஆயில் தரம் 2018இலும், அதன் பின் எஸ்பி தரம் 2020இலும் வந்தன.

நெடுஞ்சாலை (சேலம்)

டீசலுக்கும் இதே கதைதானா? என் கிரெட்டா டீசலுக்கு ஒரு பாக்ஸ் பார்த்து வைத்திருக்கிறேன்.

பட்டறைக்காரர் (திருப்பூர்)

டீசலில் பெரும்பாலான பாக்ஸ்கள் ரயில் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் உயரழுத்தக் குழாய்) பிரஷர் சென்சாரில்தான் உட்காருகின்றன. ரயிலில் உள்ள அழுத்தத்தைக் குறைத்துச் சொல்லி, ஈசியூவை மேலும் அழுத்தம் ஏற்ற வைக்கின்றன. இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் மாறாது. அதே நேரத்தில் அதிக டீசல் உள்ளே போகும். ஆனால் அழுத்தம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு டீசல் கூடிவிடாது. அழுத்தத்தின் வர்க்கமூலக் கணக்கில்தான் டீசல் கூடும். ரயில் அழுத்தத்தைப் பத்து சதவீதம் ஏற்றினால் டீசல் ஐந்து சதவீதத்துக்குக் கிட்டத்தான் கூடும். ஆகவே ரயில் சென்சாரில் மட்டும் உட்காரும் பாக்ஸ் ஒன்று 20 சதவீதச் சக்தி தருவதாக விளம்பரம் செய்தால், டீசலை அந்த அளவுக்குக் கூட்ட அது அழுத்தத்தை நாற்பது சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டியிருக்கும். ரயிலும் பம்பும் அதைத் தாங்குமா என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.

பெட்ரோலுக்கும் டீசலுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. பெட்ரோல் இன்ஜினில் கூடுதல் பெட்ரோல் ஊற்றினால் புகைவெப்பம் தணியும். டீசல் இன்ஜினில் கூடுதல் டீசல் ஊற்றினால் வெப்பம் ஏறும், புகையும் கூடும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 வண்டியாக இருந்தால் அந்தப் புகைக்கரி டிபிஎஃப் என்ற கரி வடிகட்டியில் போய்ச் சேரும். அது சீக்கிரம் நிறையும், அந்தக் கரியை எரித்துத் தீர்க்கும் ரீஜெனரேஷன் அடிக்கடி நடக்கும், அந்த நேரத்தில் ஊற்றப்படும் டீசலில் ஒரு பங்கு ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறிக்கொண்டே போவதாகச் சொல்லி வரும் வண்டிகளில், மறைவாக ஒரு பாக்ஸ் இருக்கிறதா என்று நான் முதலில் தேடிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இதை யாரும் விளம்பரத்தில் எழுத மாட்டார்கள். கெடுவது பல நேரம் இன்ஜின் அல்ல, கனெக்டர்தான். கம்பெனி சாக்கெட்டில் தண்ணீர் புகாதபடி ரப்பர் சீல் இருக்கும், பூட்டும் கொக்கி இருக்கும். அடிக்கடி கழற்றி மாட்டினால் அந்தக் கொக்கி முதலில் உடையும். பின்பு பாக்ஸின் சாக்கெட் சரியாகப் பொருந்தாமல், இன்ஜின் பகுதியைத் தண்ணீர் அடித்துக் கழுவும்போது ஈரம் உள்ளே போய், பின்களில் பச்சைக் களிம்பு பிடிக்கும். வண்டி திடீரென்று சக்தி இழந்து ஊரத் தொடங்கும். ஸ்கேனர் சென்சார் கோளாறு என்று காட்டும். புதுச் சென்சார் போட்டும் சரியாகாமல் உரிமையாளர் அலைந்துகொண்டிருப்பார்.

அரைநொடி (பெங்களூரு)

என்னிடம் விர்ட்டஸ் 1.5 டிஎஸ்ஐ, டிஎஸ்ஜி உள்ளது. 150 பிஎஸ் இருக்கும் வண்டியில் கொஞ்சம் கூட்டினால் என்ன ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சுழலி அவர்களின் போலோவிலும் இதே கியர்பாக்ஸ்தானே?

அளவுகோல் (சென்னை)

கியர்பாக்ஸ் அதேதான், டிக்யூ200 என்ற ஏழு கியர் உலர் கிளட்ச் வகை. வேறுபாடு உங்கள் இன்ஜினில் இருக்கிறது. அந்தக் கியர்பாக்ஸின் டார்க் எல்லை 250 நியூட்டன் மீட்டர். சுழலி அவர்களின் வண்டி 175இல் தொடங்குகிறது; பாக்ஸ் முப்பது நாற்பது கூட்டினாலும் எல்லைக்குள் இடம் இருக்கிறது. உங்கள் 1.5 இன்ஜின் கம்பெனியிலிருந்து வரும்போதே 250. அதாவது எல்லையில் நின்றுகொண்டிருக்கிறது. முன்பு இந்தியாவில் விற்ற ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ 180 பிஎஸ் தந்தபோதும் அதன் டார்க் 250இல் நின்றதற்கு இந்தக் கியர்பாக்ஸே காரணம். அதே இன்ஜின் ஐரோப்பாவில் மேனுவல் கியர்பாக்ஸுடன் 320 நியூட்டன் மீட்டர் கொடுத்தது.

கூடவே, கிளட்ச்சை எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதை டிஎஸ்ஜியின் கட்டுப்பாட்டுப் பெட்டி, ஈசியூ சொல்லும் டார்க் எண்ணை வைத்தே முடிவு செய்கிறது. பாக்ஸ் மாட்டிய வண்டியில் ஈசியூ 250 என்று சொல்லிக்கொண்டிருக்க, வருவது 280ஆக இருந்தால், கிளட்ச் 250க்கான பிடியோடுதான் நிற்கும். வழுக்கல் சில நொடிகள்தான் இருக்கும், வெளியே தெரியவும் தெரியாது. ஆனால் உலர் கிளட்ச்சில் அந்த வெப்பத்தைக் கொண்டுபோக ஆயில் கிடையாது. உங்கள் வண்டிக்கு பாக்ஸ் வேண்டாம் என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

பட்டறைக்காரர் (திருப்பூர்)

மேனுவல் வண்டிக்காரர்கள் இதைச் சோதிப்பது எளிது. வாகனமற்ற ஏற்றத்தில், ஐந்தாவது கியரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது முழுதாக மிதியுங்கள். வேகமானி ஏறாமல் ஆர்பிஎம் முள் மட்டும் தனியாக ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். பழைய கிளட்ச் உள்ள வண்டியில் பாக்ஸ் மாட்டினால் இது முதலில் தெரியும்.

நீலமலை (குன்னூர்)

இந்த இழையைத் தொடங்கியவர் கேட்டது மலைச்சாலையைப் பற்றி. அதை எல்லோரும் மறந்துவிட்டது போலத் தெரிகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும்போது சுற்றுப்புறக் காற்றின் அழுத்தம் குறைந்துகொண்டே போகிறது. சமவெளியில் ஒரு பாருக்குச் சற்றுக் குறைவாக இருப்பது, 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் 0.78 பார் அளவுக்கு இறங்கிவிடும். அளவுகோல் அவர்களின் 1.8 பார் உதாரணத்தையே எடுத்துக்கொண்டால், கோவையில் டர்போ காற்றை ஏறத்தாழ 1.9 மடங்கு அழுத்தினால் போதும், உதகையில் 2.3 மடங்கு அழுத்த வேண்டும். அதற்கு டர்போ அதிக வேகத்தில் சுழல வேண்டும். அந்த வேகம் எல்லை தாண்டாமல் இருக்க, உயரம் ஏற ஏற ஈசியூ தானாகவே பூஸ்ட்டைக் குறைத்துக் கேட்கிறது. பாக்ஸுக்கு உயரம் தெரியாது என்றால், குறைத்துக் கேட்டதன் மேலும் அது தன் பங்கைக் கூட்டி வைக்கும். உதகையில் உண்மையாகவே 1.95 பார் வந்தால் அது 2.5 மடங்கு. மலைக்காகப் பாக்ஸ் மாட்டுபவர், டர்போ ஏற்கெனவே மூச்சு வாங்கும் இடத்தில் அதை மேலும் விரட்டுகிறார்.

அளவுகோல் (சென்னை)

நீலமலை அவர்கள் சொன்னது மிகச் சரி. இழையைத் தொடங்கியவரின் கேள்விக்கு நேரடி விடையையும் சேர்த்துவிடுகிறேன். உங்கள் இன்ஜினின் முழு டார்க் 1,750 சுழற்சியில்தான் கிடைக்கத் தொடங்குகிறது. கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் 1,200 சுழற்சிக்கு இறங்கிவிட்டால், டர்பைனைச் சுழற்றப் போதிய புகையே இல்லை. வேஸ்ட்கேட் அப்போதே முழுதாக மூடித்தான் இருக்கிறது. மூடியிருக்கும் கதவை மேலும் மூடச் சொல்லும் பாக்ஸால் அங்கே எந்தப் பயனும் இல்லை. அது உதவுவது 2,000க்கு மேல்; அங்கே உங்களுக்குக் குறையே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வளைவில் திரும்பும் முன்பே முதல் கியருக்கு மாறிவிடுங்கள். சுழற்சி இரண்டாயிரத்தை ஒட்டி நிற்கும், வண்டி படுத்துவிடுவது பெருமளவு குறைந்துவிடும், முன்னெரிப்பு அபாயமும் குறையும்.

கொங்குச்சாலை (கோவை)

இந்த விளக்கம் எனக்குப் புதிது. முதல் கியர் என்பது வண்டி நின்ற பிறகு கிளப்புவதற்கு மட்டும்தான் என்ற பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் செருகும் சிறிய கருவி ஒன்றும் இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதே, அதைப் பற்றி யாராவது சொல்ல முடியுமா?

பட்டறைக்காரர் (திருப்பூர்)

அதில் இருப்பது மின்னும் விளக்குகள் மட்டும். அந்த வகையில் பரவலாக விற்ற ஒன்றைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் திறந்து பார்த்தபோது, காரின் கணினிகள் தகவல் பரிமாறும் கேன் தடத்தோடு பேசுவதற்கு வேண்டிய பாகமே உள்ளே இருக்கவில்லை என்று தெரிந்தது. ஆக்சிலரேட்டர் பெடலில் மாட்டும் பெட்டி வேறு வகை. அது பெடலின் பாதி மிதியை முக்கால் மிதியாகச் சொல்கிறதே தவிர, இன்ஜினின் சக்தியைக் கூட்டுவதில்லை. சுறுசுறுப்பு கூடியது போலத் தோன்றும், அவ்வளவுதான்.

சர்வேயர் (மதுரை)

தொழில்நுட்பம் போதுமான அளவு பேசிவிட்டீர்கள். காப்பீட்டுப் பக்கத்தையும் சட்டப் பக்கத்தையும் சுருக்கமாகச் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அந்தப் பிரிவை இறுக்கமாகவே விளக்கியது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின் நான்காம் உட்பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் வண்டி உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. சாலையில் நிறுத்திப் பானெட்டைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு என்பது உண்மைதான். புகைச் சான்றிதழும் தடையாக இருக்காது, ஏனெனில் அங்கே லோடு இல்லாமல்தான் சோதிக்கிறார்கள். பாக்ஸ் அந்த நிலையில் ஏறக்குறையச் சும்மா இருக்கும்.

விபத்து நடந்தால் நிலைமை வேறு. சர்வே செய்பவர் பானெட்டைத் திறந்துதான் ஆக வேண்டும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் செய்த மாற்றம் என்ற குறிப்பு அறிக்கையில் ஏறினால், சொந்தச் சேதத்துக்கான தொகையில் வாக்குவாதம் தொடங்கிவிடும். வாரன்டியிலும் கழற்றி வைத்தால் தெரியாது என்று முழுதாக நம்ப வேண்டாம். கோளாறு குறியீடு பதிவாகும் கணத்தில் இன்ஜின் எந்தச் சுழற்சியில், எந்த லோடில், எவ்வளவு பெட்ரோல் திருத்தத்தோடு ஓடியது என்பதும் சேர்ந்தே பதிவாகிறது. பாக்ஸைக் கழற்றினாலும் அந்தப் பதிவு அங்கேயே இருக்கும்.

சுழலி (சென்னை)

இத்தனையும் படித்த பிறகும் என் வண்டியிலிருந்து பாக்ஸைக் கழற்றுவதாக இல்லை. அதன் வாரன்டி எப்போதோ முடிந்துவிட்டது, கியர்பாக்ஸிலும் இடம் இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். 95 ஆக்டேனுக்குக் குறையாத பெட்ரோல்தான் போடுகிறேன். ஆனால் என் லாக் எதையும் காட்டவில்லை என்பது உறுத்துகிறது. உண்மையான பூஸ்ட்டை அளந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். அதோடு, பாக்ஸ் உண்மையில் எத்தனை பிஎஸ் தருகிறது என்பதை டைனோ (சக்தியை அளக்கும் இயந்திரம்) இல்லாமல் தெரிந்துகொள்ள வழி உண்டா?

அளவுகோல் (சென்னை)

உண்டு, அதுவும் நேர்மையான வழி. ஜிபிஎஸ் அடிப்படையில் நேரம் எடுக்கும் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு, ஒரே கியரில் 80இலிருந்து 120 வரை போக எத்தனை நொடி ஆகிறது என்று அளவெடுங்கள். வண்டியும் ஆட்களும் சேர்த்து 1,350 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த வேக உயர்வுக்கு வேண்டிய ஆற்றல் சுமார் 417 கிலோஜூல். பாக்ஸ் இல்லாமல் 9 நொடியும், பாக்ஸோடு 8 நொடியும் ஆனால், சராசரி சக்தி 46 கிலோவாட்டிலிருந்து 52 கிலோவாட்டுக்கு ஏறியிருக்கிறது. கிட்டத்தட்ட 8 பிஎஸ் கூடுதல் சக்கரத்தில் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். காற்றுத் தடை இரண்டு முறையும் ஒன்றுதான் என்பதால் வேறுபாட்டை அது பெரிதாகப் பாதிக்காது. டிஎஸ்ஜியை மேனுவல் முறையில் வைத்து நான்காவது கியரிலேயே நிறுத்துங்கள்; முழுதாக அழுத்திக் கிக்டவுன் ஆகி, தானாகக் கீழ் கியருக்கு இறங்கிவிட்டால் அளவீடு வீண். ஒரே சாலையில் இரு திசைகளிலும் ஓட்டிச் சராசரி எடுங்கள். இந்தச் சோதனையைப் பொதுச்சாலையில் செய்யாமல், இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் தடநாள் நடக்கும்போது செய்வதுதான் முறை. முதல் ஓட்டத்தை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். இடைவெளியில்லாமல் தொடர்ந்து எடுங்கள். இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) சூடேறிய பிறகு ஈசியூ தீப்பொறியைப் பின்னுக்கு இழுக்கத் தொடங்கினால், பாக்ஸ் தந்த கூடுதல் கரைந்துபோவது நேரத்திலேயே தெரியும்.

கொங்குச்சாலை (கோவை)

அனைவருக்கும் நன்றி. வாரன்டி முடியும் வரை பாக்ஸ் வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன். நேற்று கோத்தகிரிக்கு முழு லோடோடு ஏறினேன். வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு இறக்கி, திரும்பும்போதே மெல்ல மிதித்துக்கொண்டு வந்தால் தொய்வு பெரும்பாலும் தெரியவில்லை. பின்னிருக்கையில் இருந்த அப்பாவுக்கு இன்ஜின் சத்தம் மட்டும் பிடிக்கவில்லை.

சுழலி (சென்னை)

கேஜுக்குக் குழாயை எங்கிருந்து எடுப்பது என்று மட்டும் சொல்லிவிடுங்கள். த்ராட்டிலுக்கு முன்னால் உள்ள ரப்பர் குழாயில் எடுத்தால் எளிது என்கிறார் மெக்கானிக்.

அளவுகோல் (சென்னை)

அங்கே வேண்டாம். த்ராட்டிலுக்கு முன் உள்ள அழுத்தமும் சிலிண்டருக்குப் போகும் அழுத்தமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. மேனிஃபோல்டில் உள்ள சென்சாரைக் கழற்றி, அதற்கும் மேனிஃபோல்டுக்கும் இடையில் வைக்கும் அடாப்டர் கிடைக்கிறது. அதிலிருந்து எடுங்கள், ஓ-ரிங் புதிதாகப் போடச் சொல்லுங்கள். சாதாரண கேஜ் சுற்றுப்புற அழுத்தத்துக்கு மேல் எவ்வளவு என்பதைத்தான் காட்டும். ஆகவே சென்னையில் அந்த எண்ணோடு 1.01 பாரைக் கூட்டிக்கொண்டு, ஓபிடி காட்டும் எண்ணோடு ஒப்பிடுங்கள். பாக்ஸைக் கழற்றிவிட்டு முதலில் ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள். அப்போது இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் கேஜை நம்ப வேண்டாம். எண்கள் கிடைத்ததும் இங்கே இடுங்கள்.